பால் பாத்திரம் தனி

எதிர் ஃப்ளாட் அக்கா என் வீட்டுக்கு வராத நாள் கிடையாது. வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த நாளும் கிடையாது. கையோடு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவருவாள். அதை சோபா ஓரத்தில் வைத்துக்கொண்டு, பேசிப் பேசித் தொண்டை காய்ந்தால் அண்ணாந்து இரண்டு மடக்கு ஊற்றிக்கொள்வாள். சொந்த பாட்டில்தானே, வாய் வைத்துக் குடித்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"வாய் வச்சுக் குடிக்கதெல்லாம் நம்ம வீட்டுல, நம்ம டம்ளர்லதாம்ட்டி. வாசப்படி தாண்டிட்டா அண்ணாந்துதான். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

காப்பி போடவா என்பேன். "இப்பத்தாம்ட்டி குடிச்சிட்டு வாரேன்" என்பாள். காலையில் வந்தாலும் இப்பத்தான், சாயங்காலம் வந்தாலும் இப்பத்தான். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். நாங்கள் சாத்தூர்க்காரர்கள்; நடப்பது நீந்துவது எதையும் விட்டுவைப்பதில்லை. ஊரில் என்றால் அவர்கள் தெருவுக்கு நான் போயிருக்கவே மாட்டேன். பஹ்ரைனில், ஈசா டவுனில், ஒரே மாடியில் எதிரெதிர் கதவாக வாய்த்துவிட்டது. அவள் ஏன் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் பேசினோம்.

பலகாரம் செய்தால் எனக்குக் கொடுக்காமல் இருக்க மாட்டாள். ஆனால் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில்தான் வரும். "டப்பாவ நீயே வச்சுக்கோ, திருப்பித் தர வேண்டாம்" என்பாள். என் சமையலறை அலமாரி முழுக்க வெனிலா, ஸ்ட்ராபெரி, பிஸ்தா என்று படம் போட்ட டப்பாக்கள். அவளுடைய பாத்திரம் ஒன்றுகூட என் வீட்டுக்குள் வந்ததில்லை.

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, கல்யாணம் ஆகிக் கடல் தாண்டி வந்தவள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பேச ஆரம்பித்தால் வலது கை ஆள்காட்டி விரலால் இடது உள்ளங்கையைக் குத்திக்கொண்டே பேசுவாள். எதைத் தொடங்கினாலும் "ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ" என்றுதான் தொடங்குவாள்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகளுக்காக கேட் அருகே நிற்போம். வெயில் மண்டையைப் பிளக்கும். மற்ற பெண்கள் ட்யூஷன், தங்கம், லீவு டிக்கெட் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவாள்.

"ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ. நீ கருவாட்டுக் கொழம்பு வச்ச. அந்தக் கரண்டிய நல்லாத் தேச்சுக் கழுவி வெயில்ல காயப் போட்ட. எம் பொண்ணு தெரியாம அத எடுத்து எங்க வீட்டு ரசத்துல போட்டுட்டா. இப்பம் ரசம் என்ன? கரண்டி என்ன? எம் பொண்ணு என்ன?"

"ஒங்க பொண்ணு பாவம்க்கா."

"சிரிக்காத. சொல்லு."

பக்தி என்று இதைச் சொல்ல மாட்டேன். கோயிலில் அவள் முகம் சாதாரணமாகத்தான் இருக்கும். இந்த மாதிரிக் கேள்வி வந்துவிட்டால் கண் மின்னும். குறுக்கெழுத்துப் போடுகிறவர்களின் முகம் அது. அவள் வீட்டில் இதற்கு மரியாதை கிடையாது. மகள், "இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்பூன்மா" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணாச்சி, அதாவது அவள் வீட்டுக்காரர், "இவள சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பிருக்கணும், தப்பா எங்கிட்ட அனுப்பிட்டானுவ" என்பார். உட்கார்ந்து பதில் சொல்ல அந்தத் தீவில் இருந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு அதில் பெருமை. அவள் என் வீட்டில் குடிக்காவிட்டால் என்ன, அவள் மண்டைக்குள் இருப்பதைக் கொட்ட என்னிடம்தானே வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் கெட்டது ஒரு சீஸ் துண்டால்.

தெருமுனை கோல்ட் ஸ்டோரில் அக்கா மகளுக்காகச் சீஸ் வாங்கப் போனோம். அந்த ஊரில் மளிகைக் கடைக்குப் பெயரே கோல்ட் ஸ்டோர்தான். கடைக்காரர் மலையாளி. முன்னால் நின்ற ஆளுக்கு இறைச்சியை மெல்லிசாகச் சீவிக் கொடுத்துவிட்டு, அதே மெஷினில் எங்கள் சீஸைத் தூக்கி வைத்தார்.

"அண்ணே, நில்லுங்க! வேற மெஷின் இல்லையா?"

"சேச்சி, மெஷின் ஒண்ணேயுள்ளூ."

"தொடச்சீங்களா?"

"தொடச்சு. நல்லாத் தொடச்சு."

அக்கா சீஸ் வாங்கவில்லை. வழியெல்லாம் உள்ளங்கையைக் குத்திக்கொண்டு வந்தாள். சீஸும் குளிர்ந்தது, இறைச்சியும் குளிர்ந்தது, கத்தியில் ஈரம் இல்லை. அப்படியென்றால் ஒட்டுமா, ஒட்டாதா? எனக்குத் தெரியவில்லை, விடுங்களேன் என்றேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான். அன்றைக்கு ஏதாவது ஒரு பதிலை அடித்துவிட்டிருந்தால் அவள் கம்ப்யூட்டர் பக்கம் போயிருக்க மாட்டாள்.

மகள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர். அதில் தன் கேள்வியை ஆங்கிலத்தில் அடித்திருக்கிறாள். வந்து விழுந்தது ஒரு ஃபோரம். யூதர்களுடையது. அவர்களுடைய வேதத்தில் உள்ள சட்டங்களை, வீட்டுப் பழக்கங்களை, எது கோஷர், எது கோஷர் இல்லை என்பதை உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து விவாதிக்கிற இடம். கோஷர் என்றால் அவர்கள் முறைப்படி சாப்பிடத் தகுந்தது. பாலையும் இறைச்சியையும் அவர்கள் சேர்க்க மாட்டார்கள்; பாத்திரம், கரண்டி, கழுவுகிற தொட்டி வரை தனித்தனி. அக்காவின் சீஸ் கேள்வியை அங்கே பக்கம் பக்கமாக அலசி வைத்திருந்தார்கள்.

மறுநாள் கதவைத் தட்டியவள் பாட்டிலைக்கூட மறந்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏட்டி, அங்க ஒலகமே இருக்குட்டி! சூடு இருந்தாத்தான் ருசி பாத்திரத்துல எறங்குமாம். ஆறிப்போனது ஒட்டாதாம், கழுவினாப் போதுமாம். ஆனா வெங்காயம் இருக்கு பாத்துக்கோ, அது காரமான சாமான். கறி வெட்டுன கத்தியில வெங்காயம் வெட்டினா, வெங்காயம் அந்த ருசிய இழுத்துக்கிடுமாம். வெங்காயமே கறி ஆயிருமாம்! நான் சின்னப் பிள்ளைலேர்ந்து நெனச்சத அவங்க எழுதியே வச்சிருக்காவ!"

அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணாச்சி பயந்தார். "அரபு நாட்டுல இருந்துக்கிட்டு யூதன் கூட என்ன பேச்சு? கம்பெனியில தெரிஞ்சா கலாஸ், பெட்டியக் கட்ட வேண்டியதுதான்" என்றார். "இந்தா இருக்க மனாமாவுலயே அவங்க குடும்பம் தலைமுறை தலைமுறையா இருக்காவ, நான் கரண்டியப் பத்திப் பேசினா ஒங்க வேல போயிருமாக்கும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். நான் மனசுக்குள் அண்ணாச்சி பக்கம்தான்.

ஃபோரத்தில் சேர ஒரு பெயர் வேண்டுமாம். அவள் வைத்துக்கொண்ட பெயர் 'அக்கா'.

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தீவில் அவளை அக்கா என்று கூப்பிட்டது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவள் மிஸஸ் இன்னார். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கிய பெயரை எடுத்துக்கொண்டு போய் முன்பின் தெரியாத கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டாள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால், திரை முழுக்க ஆங்கில எழுத்தில் அக்கா, அக்கா, அக்கா. அக்கா நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அக்கா சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா எங்கே, இரண்டு நாளாகக் காணோம்? அவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். "நான் சொல்லிட்டேம்ட்டி, மூத்தவன்னு" என்றாள் பெருமையாக.

அந்தக் கூட்டத்திலும் ஒருத்திமேல்தான் எனக்குத் தனியாகக் கடுப்பு. மிரியம். கனடாவில் இருந்தாள். நாலு பிள்ளை பெற்றவள், மாட்டுக்கறி தின்கிறவள், அக்காவின் வயதுக்காரி. அக்கா ஒரு கேள்வி போட்டால் முதல் பதில் அவளுடையதாக இருக்கும். "மிரியம் சொல்லுதா" என்பது எங்கள் பேச்சுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. கொதிக்கிற சாம்பாரில் சொட்டுக் கறிக்குழம்பு தெறித்தால் என்ன? மிரியம் சொல்லுதா, அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் அடிபட்டுப் போகும். ஆனால் தெரியாமல் விழுந்தால்தான் இந்தச் சலுகை, வேண்டுமென்றே ஊற்றிவிட்டுக் கணக்குச் சொல்லக்கூடாது. அக்கா இதைச் சொல்லிச் சொல்லி ரசித்தாள். "பாத்தியா, மனசையும் சேத்து அளக்காங்க!"

நான் பொறுக்காமல் ஒருநாள், "என்ன இருந்தாலும் அவ மாடு திங்கிறவதானக்கா" என்றேன்.

"தின்னட்டுமே. அவ முறைப்படி திங்கா."

நான் முறையில்லாமல் தின்கிறேன் என்று ஆகிவிட்டது.

அக்காவுக்கும் ஒரு பொறாமை இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. யூதராகப் பிறக்காதவர்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாதாம். கொலை செய்யாதே, திருடாதே என்கிற மாதிரி ஏழே ஏழு போதுமாம். நீ உன் வழியில் நல்லபடி இரு, எங்கள் சுமை உனக்கு எதற்கு என்று ஃபோரத்தில் ஒரு பெரியவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். அக்கா அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அவளுவளுக்கு அறுநூத்திச் சொச்சம். எனக்கு மட்டும் ஏழா? நான் என்ன கொறஞ்சு போயிட்டேன்?" என்று என்னிடம் வந்து புலம்பினாள். எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. வெளியே நிற்கிற வலி அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

அவர்களுக்கு வெள்ளி அந்தியிலிருந்து சனி இரவு வரை சப்பாத், ஓய்வு நாள். அடுப்புப் பற்ற வைக்கக்கூடாது, கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. ஃபோரம் வெறிச்சோடிவிடும். அப்போது எங்கள் வீட்டு ஆண்களுக்கு வியாழனும் வெள்ளியும் லீவு. சனிக்கிழமை காலையில் ஆண்கள் ட்யூட்டிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு, மிரியம் சப்பாத்துக்கு. அக்கா எனக்கு. பாட்டிலோடு வருவாள், பழையபடி விரலால் குத்திக் குத்திப் பேசுவாள். மற்ற நாளில் பத்து நிமிஷம் வந்து போகிறவள் அன்றைக்கு மத்தியானம் வரை இருப்பாள். சனிக்கிழமைக்காக நான் வீட்டைப் பெருக்கி வைப்பேன்.

பிறகு அரசாங்கம் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது. ஊரே கொண்டாடியது, உலகத்தோடு ஒட்டிப் போகிறோம் என்று. சனிக்கிழமை அண்ணாச்சி வீட்டில், என் வீட்டுக்காரர் சோபாவில். அக்கா வரவில்லை. எனக்கிருந்த ஒரு நாளும் போயிற்று.

அவளைத் திரும்பப் பிடிக்க நானும் ஒரு கேள்வி தயார் செய்தேன். இரண்டு நாள் யோசித்துச் செய்தது. "ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்கக்கா. ஊர்லேர்ந்து ஒருத்தி வர்றா. ஒரே பெட்டி. கீழ அவ வீட்டுக் கருவாடு, கட்டி வச்சது. மேல உங்க அம்மா குடுத்துவிட்ட வடகம், அதுவும் கட்டி வச்சது. ரெண்டும் தொடல. ஆனா வடகத்துல கருவாட்டு வாசனை. வடகம் சைவமா?"

விரல் உள்ளங்கையில் அப்படியே நின்றுவிட்டது. "ஏட்டி," என்றாள், "ஏட்டி, வாசனை ஒரு பொருளா இல்லையான்னுல்லா கேக்க!" என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் பூரித்துப் போனேன். அடுத்த நிமிஷம் எழுந்து வீட்டுக்கு ஓடினாள், ஃபோரத்தில் போட. அங்கே அந்த வாரம் முழுக்கச் சண்டை. அவர்களுடைய பழைய நூல்களிலேயே இந்த வழக்கு இருக்கிறதாம், ரப்பி என்கிற அவர்களுடைய பெரிய பெரிய குருமார்களே ஒத்துப்போகவில்லையாம். அக்காவின் வடகக் கேள்வி என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ள கேட்டான்னு எழுதினேம்ட்டி" என்றாள். அவர்கள் கண்ணில் அது படவில்லை. மிரியம் மட்டும், உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு வாழ்த்து என்று ஒரு வரி எழுதியிருந்தாளாம். அவள் வாழ்த்து யாருக்கு வேண்டும்.

அந்த ஆகஸ்டில் அக்காவின் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. மெக்கானிக், "நாளைக்கு வர்றேன் சேச்சி" என்று ஒவ்வொரு நாளும் சொன்னான். அரைத்த இட்லி மாவு குண்டான் நிறைய இருந்தது. அந்த வெயிலில் வெளியே வைத்தால் பொங்கி நாறிவிடும். என் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றாள். யோசிப்பது என்றால் எங்கே என்று எனக்குத் தெரியாதா.

நான் என் பங்குக்கு உள்ளே இருந்த மீனை எடுத்து அப்போதே வறுத்து முடித்தேன். மேல் தட்டைக் கழற்றி, சோப்புப் போட்டு, எலுமிச்சம் பழம் தேய்த்துக் கழுவித் துடைத்து மாட்டினேன். என் வீட்டுப் பாலைக்கூட அந்தத் தட்டில் வைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அக்கா குண்டானோடு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"மிரியம்ட்ட கேட்டுட்டேன். மூடியிருந்தாப் போதுமாம். குளிருதானே, ஒண்ணும் எறங்காதாம். ஓவன் அடுப்புக்குள்ள வைக்கதுன்னாத்தான் ரெண்டு உறை போடணுமாம். ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணே தாராளமாம்."

நான் குண்டானைப் பார்த்தேன். மூடி. மூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், முடிச்சு. அதற்கு மேல் இன்னொரு கவர், இன்னொரு முடிச்சு.

"மிரியம் எத்தனை உறை சொன்னா?"

"ஒண்ணு."

"இது எத்தனைக்கா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு..." என்று இழுத்தாள்.

கனடாவில் இருப்பவள் ஒன்று போதும் என்கிறாள், எதிர் வீட்டில் இருப்பவள் இரண்டு போடுகிறாள். அவ்வளவு வருஷமும் பேசாத ஒன்றை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. கறி மட்டும்தானா? இல்ல, நாங்கங்கிறதாலயா?"

ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. அக்கா குண்டானை இடுப்பில் அணைத்தபடி நின்றாள். ஏதாவது சொல்லி மழுப்புவாள் என்றுதான் நினைத்தேன். மழுப்பவில்லை.

"தெரியலட்டி. எங்கம்மை ரெண்டையும் ஒரே பொட்டலமாக் கட்டித்தான் எங்கைல குடுத்தா. நான் பிரிச்சுப் பாத்ததில்ல."

மாவை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் இட்லி வந்தது, பிஸ்தா படம் போட்ட டப்பாவில். தின்றேன். அவள் இட்லி பூவாக இருக்கும், என்ன செய்ய.

அடுத்த வருஷம் அண்ணாச்சி வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினார். மகளுக்குக் கனடாவில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அக்கா கூடப் போய் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. கனடா என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நினைத்தபடியே ஒரு மெயில் வந்தது. அதில் ஒரு போட்டோ, கீழே ஒரு வரி: மிரியம் வீட்டில் சாப்பாடு.

நீளமான மேசை, வெள்ளை விரிப்பு. தலையில் துணி கட்டிய ஒரு பருமனான பெண், சிரித்த முகம். பக்கத்தில் என் அக்கா, அவளும் சிரிக்கிறாள், முன்னால் தட்டு, கையில் ஒரு கவளம். சாப்பிடுகிறாள். அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுக்களையில் போய் நின்றேன். அழுதேன், கோபத்தில்தான். பிறகு யோசித்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. பால் பாத்திரம்! மிரியம் வீட்டில் பால் பாத்திரம் தனி. அதில் கறி பட்டதே இருக்காது. மாட்டுக்கறி சமைக்கிற வீட்டிலும் கறி படாத ஒரு செட் இருக்கிறது, அதில் அக்கா சாப்பிடலாம், முறையில் தப்பே இல்லை. என் வீட்டில் எல்லாம் ஒன்று. அதுதான் வித்தியாசம் என்றால் அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

மனாமா கடைத்தெருவுக்குப் போய் ஒரு பால் சட்டி, ஒரு ஃபில்டர், இரண்டு டம்ளர், இரண்டு டபரா, ஒரு கரண்டி, தேய்க்க ஒரு தனி நார் வாங்கினேன். எல்லாவற்றையும் மேல் அலமாரியில் ஏற்றினேன். வீட்டில் சட்டம் போட்டேன். இதில் கறி படக்கூடாது, முட்டை படக்கூடாது, கறி தொட்ட கையும் படக்கூடாது. யூதர்களுக்கு மீன் கறியில் சேராது என்று அக்காவே சொல்லியிருக்கிறாள். மிரியத்தின் பால் பாத்திரத்தில் மீன் பட்டிருக்க வாய்ப்புண்டு. என் செட்டில் மீனும் கிடையாது. அந்த ஒரு இடத்தில் நான் மிரியத்தை அடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "வராதவளுக்கு எதுக்குடி பாத்திரம்?" என்றார். ஒருநாள் அவசரத்தில் அந்தக் கரண்டியை எடுத்து மீன் குழம்பைக் கிண்டப் போனார். நான் போட்ட சத்தத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "ஒரு பேச்சுக்கு, இது குழம்புல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார் கிண்டலாக. நான் உண்மையாகவே அதை யோசித்துக்கொண்டு நின்றேன்.

மகள் படிப்பை முடித்த வருஷம் அக்கா போன் செய்தாள். மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டுக் கனடாவிலிருந்து திரும்புகிற வழியில் பஹ்ரைனில் ஒருநாள் தங்கவேண்டியிருக்கிறதாம்.

"எங்கக்கா தங்குவீங்க?"

"என்ன கேள்வி இது, உன் வீட்டுலதாம்ட்டி."

வந்தாள். முடி நரைத்திருந்தது. தோளில் அதே எவர்சில்வர் பாட்டில். பையில் வழிக்குக் கட்டிய புளியோதரை, டப்பாவில். சோபாவில் அதே ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிர் ஃப்ளாட்டில் இப்போது யார் என்று கேட்டாள். கோல்ட் ஸ்டோர்க்காரர் இரண்டாவது மெஷின் வாங்கினாரா என்று கேட்டாள். எனக்குக் காது எதிலும் நிற்கவில்லை.

"மிரியம் வீட்டுல என்ன சாப்ட்டீங்க?" என்றேன். வருஷக்கணக்காக அடக்கி வைத்த கேள்வி, வெடுக்கென்று வந்துவிட்டது.

"புளியோதரை."

"அவளுக்குப் புளியோதரை வைக்கத் தெரியுமா?"

"அவளுக்கு எங்க தெரியும்? நான் கொண்டு போனது. தட்டும் என் தட்டுதான்."

"பால் பாத்திரம்...?"

"அவ பாத்திரத்துல நான் எப்படிட்டி சாப்பிட? மீனெல்லாம் வைப்பால்லா. நான் கொண்டு போனத அவளும் தொட முடியாது, எஞ் சமையல் அவளுக்குக் கோஷர் இல்ல. அவ சாப்பாட்ட அவ சாப்ட்டா, எஞ் சாப்பாட்ட நான் சாப்ட்டேன். ஒரே மேசைதான். ரெண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்ல. நிம்மதியா இருந்துச்சு பாத்துக்கோ."

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். இத்தனை வருஷம் எதைப் பார்த்து எரிந்தேன் என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஸ்டூல் போட்டு மேல் அலமாரியிலிருந்து செட்டை இறக்கினேன். பால் சட்டியை அடுப்பில் வைத்தேன். சத்தம் கேட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"என்னட்டி இது?"

"பால் சட்டி. தனி. வாங்கினதுலேர்ந்து இதுல கறி பட்டதில்ல, மீன் பட்டதில்ல, முட்டை பட்டதில்ல. தேய்க்கிற நாரும் தனி. உங்க போட்டோ வந்த வாரம் வாங்கினேன்."

அவள் உள்ளே வந்தாள். டம்ளரை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஃபில்டரைப் பார்த்தாள். அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். விரல் தன்னால் உள்ளங்கைக்குப் போனது, ஆனால் குத்தவில்லை.

"மிரியம் அவ சாமிக்காக வச்சிருக்கா," என்றாள். "நீ யாருக்குட்டி வச்சிருக்க?"

காப்பியைக் கலந்து, ஆற்றி, டபராவோடு அவள் முன்னால் வைத்தேன். ஆவி பறந்தது. சூடு இருந்தால்தான் ருசி பாத்திரத்தில் இறங்கும் என்று சொன்னவள் அவள். இதில் இறங்க ஒன்றுமில்லை, ஏற ஒன்றுமில்லை. கறி என்கிற சாக்கு இந்த டம்ளரில் இல்லை. இப்போதும் குடிக்காவிட்டால், காரணம் நாங்கள்தான்.

அது அவளுக்கும் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியாத வழக்கு உண்டா.

"மடக்கிட்டியேட்டி," என்றாள் மெதுவாக. "அன்னைக்கு ஃப்ரிட்ஜ் பக்கத்துல வச்சு ஒண்ணு கேட்டேல்லா. கறியா, நீங்களான்னு."

"ஆமா."

"ரெண்டும்தாம்ட்டி. ரெண்டும்தான் இருந்துச்சு."

டம்ளரை எடுத்தாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள் என்று நான் காத்திருந்தேன். அதுவே எனக்குப் போதும் என்றுதான் இருந்தேன். அவள் டம்ளரை உதட்டில் வைத்து, வாய் வைத்து, உறிஞ்சிக் குடித்தாள். சொந்த வீட்டில் குடிக்கிற மாதிரி.

"சீனி கூடுதலு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இத ஃபோரத்துல எழுதிராதீங்க."

"ஏம்ட்டி? மிரியம் கேட்டா அவ்வளவு சந்தோஷப்படுவா."

"அதுக்குத்தான் சொல்றேன். அவளுக்குத் தெரியவேண்டாம்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த வாய் குடித்தாள்.